பல்லி இமைக்குமா

"இந்த வருஷமாவது என்னை மேடையில உட்கார விடுங்கம்மா" என்றார் ஆவுடையப்பர்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மடத்தின் தலைவி குருவம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய சீடராக இருப்பது ஆவுடையப்பருக்கு உள்ளூர உறுத்தல்தான்.

தேரோட்டத்தன்று மடத்து வாசலில் மேடை போடுவார்கள். பாம்பு பால் குடிக்குமா, நிலாவில் முயல் இருக்கிறதா என்று வருஷமெல்லாம் சண்டை போட்ட ஏழூர் ஜனங்களும் வருவார்கள். மேடையில் இருப்பவர் மெய் என்றால் மெய், பொய் என்றால் பொய். ஒன்பது வருஷமாகக் குருவம்மாள்தான் அதில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாத சங்கதி இல்ல. பொய் என் காதுக்குப் பக்கத்துல கூட வராது."

குருவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"பசுவுக்கு மேல்வாயில முன்பல் கிடையாது. தேங்காய்க்கு மூணு கண்ணு, ஒண்ணுதான் மெத்துன்னு இருக்கும். பல்லி இமைக்காது. இந்த மூணுல ஒண்ணு பொய். எதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. மேடை உங்களுக்கு."

ஆவுடையப்பர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தொழுவத்தில் பசுவின் வாயைப் பிளந்து பார்த்தார். அது கையை நக்கியது. பிறகு வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. மேலே முன்பல் இல்லை.

மடப்பள்ளியில் தேங்காயின் குடுமியைப் பிய்த்து ஈர்க்குச்சியால் குத்தினார். ஒன்று போதாதென்று முப்பது காய்களைக் குத்தினார். அத்தனையும் தேர்ச் சமையலுக்கு வைத்த காய்கள். சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். முப்பதிலும் ஒரு கண்தான் மெத்து.

மிச்சம் பல்லி.

கூடத்துச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து அதை முறைத்தார். மதியச் சாப்பாடு போயிற்று. இவர்தான் நூறு தடவை இமைத்தார். பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்தது. மேடை கைநழுவுகிறதே என்று அவர் சுவரை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

குருவம்மாள் கூடத்துக்கு வந்தார். ஆவுடையப்பர் எழுந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன். பல்லிதான் பொய்."

"இமைச்சுதா?"

"நான் பார்த்தவரைக்கும் இமைக்கல."

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"மத்தியானம் பூராவும்."

"அப்புறம் எப்படிப் பொய்?"

"பசு மெய்யாப் போச்சு. தேங்காயும் மெய்யாப் போச்சு. மிச்சம் இதுதானே. நான் இமைக்கிற நேரமாப் பார்த்து அதுவும் இமைச்சிருக்கு."

சுவரில் பல்லி சொல்லிற்று.

ஆவுடையப்பர் குனிந்து தரையில் மூன்று தட்டுத் தட்டினார். "கேட்டீங்களா, அதுவே ஒத்துக்குது."

குருவம்மாளுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

"பசுவைத் தொழுவத்துல போய்ப் பார்த்தீங்க. தேங்காயை மடப்பள்ளியில போய்ப் பார்த்தீங்க. பல்லியை இந்தச் சுவத்துல பார்த்தீங்க."

"ஆமா."

"மூணுல ஒண்ணு பொய்னு நான் சொன்னேனே, அதை எங்க போய்ப் பார்த்தீங்க?"

ஆவுடையப்பர் வெகுநேரம் இமைக்கவில்லை.