பாதி இலையின் தாகம்

ஜூலை 8, காலை ஏழு மணி. பண்ருட்டிப் பக்கத்து நர்சரி ஒன்றில் நானூறு முந்திரிக் கன்றுகளும் கொழுந்து மஞ்சளாகி நின்றன. பழி, தண்ணீர் ஊற்றும் தையல்நாயகி மேல் விழுந்தது.

"தண்ணி ஊத்தாம தூங்கிட்டியா? பத்து நாள்ல பச்சையாகணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!" என்று முதலாளி எதிரிலேயே கத்தினார் மேனேஜர் சபாநாயகம்.

"ஆகட்டுங்க ஐயா."

தையல்நாயகி நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினாள். இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தாள். ஒரே ஒரு கன்றை எடுத்து, ஒவ்வொரு இலையிலும் நடு நரம்புக்கு இடப்பக்கம் மட்டும் தடவினாள்.

பத்தாம் நாள் முதலாளி அந்தக் கன்றைக் குனிந்து பார்த்தார். இடப்பாதி பச்சை, வலப்பாதி மஞ்சள்!

"என்னடி கூத்து இது?" என்று சீறினார் மேனேஜர்.

"தண்ணி பத்தலைன்னா பாதி இலைக்கு மட்டும் எப்படிங்க ஐயா தாகம் தீரும்? பச்சையான பாதியில மட்டும் அன்னபேதி தடவினேன். இதுக்குப் பத்தாதது இரும்பு."

"மண்ணுல இரும்பு இல்லியா?" என்றார் முதலாளி.

"இருக்குதுங்க. கறையான் வரக்கூடாதுன்னு மேனேஜர் ஐயா கன்னு வச்ச பை மண்ணுல கூடை கூடையா சுண்ணாம்பு கொட்டச் சொன்னாரு. அது இரும்பை வேருக்கு விடாம புடிச்சிக்கிச்சு."

ஆகஸ்ட் 2 அன்று கன்றுகள் வேறு மண்ணுக்கு மாற்றப்பட்டன. மண் கலக்கும் பொறுப்பு தையல்நாயகியிடம் இருந்தது. தண்ணீர் ஊற்றியவர் சபாநாயகம்.