குரங்கு கட்டிய சலங்கைகள்

ஆலமரத்தடியில் காட்டு விலங்குகளின் விதைக் கிடங்கு இருந்தது. முயலும் முள்ளம்பன்றியும் பெருச்சாளியும் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, நல்ல விதை வேறு, சொத்தை விதை வேறு என்று பிரித்துப் போடும். கரடியார்தான் மேலாளர்.

முயலின் பெயர் துருதுரு. பெயர் வைத்தபோது அது பொருத்தமாகத்தான் இருந்தது! கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதலில் தொப்பை வரும், பின்னால் முயல் வரும். இருந்த இடத்துக்கே சாப்பாடு வந்தது. தண்ணீர்ப் பானையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்புறம் எதற்காக எழுந்திருப்பது?

ஒரு நாள் எல்லோருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. மரங்கொத்தி வைத்தியர் வந்து ஒவ்வொரு முதுகையும் 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்தார்.

"நோயும் இல்லை, நொடியும் இல்லை! உட்கார்ந்தே இருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. நடங்கள்!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

யார் நடக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்க்கக் கரடியாருக்குச் சோம்பல். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஓசையுள்ள சலங்கையைக் கொடுத்தார்.

"மத்தியானம் மாந்தோப்பைச் சுற்றி நடங்கள்! நான் இங்கிருந்தே கேட்பேன். யாருடைய சலங்கை நன்றாக ஒலிக்கிறதோ அவருக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு! நானும் ஒரு சலங்கை வைத்திருக்கிறேன், தெரியுமா?" என்றார்.

துருதுரு மாந்தோப்புக்குப் போனது. வெயில் சுட்டது. மரத்தில் கிச்சான் குரங்கு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

"டேய் கிச்சான்! இந்தச் சலங்கையைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறாயா? யாரிடமும் மூச்சு விடாதே!"

"நீயுமா? சரி, கொடு!" என்றது கிச்சான்.

அந்த 'நீயுமா' துருதுருவின் காதில் விழவில்லை. அதற்குள் அது புதர் நிழலில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது. அன்று கிழங்கு துருதுருவுக்கே கிடைத்தது! மறுநாளும் கிடைத்தது. தொப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

ஒரு மத்தியானம் புதருக்கு அந்தப் பக்கம் சருகு சரசரத்தது. துருதுரு கண் திறந்தது. எதிரே செந்நாய்!

"ஆகா! ஊட்டி வளர்த்த முயல்!" என்று செந்நாய் நாக்கைச் சப்புக்கொட்டியது.

துருதுரு எழுந்து ஓடியது. ஓடியது என்று சொல்வதே அதிகம்! நாலு தாவல் தாவுவதற்குள் மூச்சு வாங்கியது. கால் பின்னியது.

"ஐயோ, செத்தேன்! காப்பாற்றுங்கள்!" என்று அலறியது.

மேலே இருந்த கிச்சான் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, செந்நாயின் முதுகில் தொப்பென்று குதித்தது. 'ஜல் ஜல் ஜலீர்!' இத்தனை சத்தத்தோடு வானத்திலிருந்து விழுவது என்ன பூதமோ என்று நடுங்கிய செந்நாய், குரங்கை உதறித் தள்ளிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிப்போனது.

அலறல் கேட்டு எல்லோரும் மூச்சிரைக்க வந்தார்கள். கிச்சானின் வாலில் முயலின் சலங்கை. கழுத்தில் முள்ளம்பன்றியின் சலங்கை. கையில் பெருச்சாளியின் சலங்கை. இடுப்பில் இன்னொன்று தொங்கியது. எல்லாவற்றையும்விடப் பெரியது!

எல்லோரும் கரடியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கரடியார் காதைச் சொறிந்தார். "அது வந்து... எனக்குக் கொஞ்சம் வேலை அதிகம்..."

முதலில் முள்ளம்பன்றி சிரித்தது. பிறகு கரடியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துருதுரு மட்டும் சிரிக்காமல் கரடியாரிடம் சொன்னது:

"கிழங்கு தின்றது நான், கால் உரம் பெற்றது கிச்சான்! ஐயா, இந்தச் சலங்கையே வேண்டாம். தண்ணீர்ப் பானையை இங்கிருந்து எடுத்துவிடுங்கள். தாகம் எடுத்தால் ஓடைக்குப் போய்க் குடிப்போம். யாரைத் தாவச் சொன்னாலும் நம் தாகம் தீராதே!"

கரடியாருக்கு அப்போதே நாக்கு வறண்டிருந்தது. முதல் ஆளாக அவரே ஓடையை நோக்கி நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மாமரம் மறுபடி பூத்தபோது செந்நாய் இன்னொரு தடவை வந்தது. இந்த முறை அது பார்த்தது முயலின் வாலை மட்டும்தான், அதுவும் ஒரு கணம்தான்!

அடுத்தவர் காலை ஆட்டவைத்து நல்ல பெயர் வாங்கிவிடலாம். ஆனால் நம் உடம்பு நன்றாக இருக்க வேண்டுமென்றால், நாமேதான் எழுந்து நடக்க வேண்டும்.