ஏரியை ஒரு சுற்று

கண்ணுகளா, ரயிலும் இல்லாத, ரோடும் இல்லாத காலத்தில் நடந்தது இது. காட்டைக் கடக்கிறவர்கள் முதலில் தேடுவது வழித்துணை. அது எது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கைத்தடி என்பார் ஒருவர். கட்டுச்சோறு என்பார் இன்னொருவர். கந்தன் பெயரே போதும் என்பார் மற்றொருவர்.

சிலம்பாயிக்கு இதில் எதுவும் போதவில்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் காய்ச்சலில் கிடந்தான். கஞ்சி கொடுக்க ஆளில்லை. மூன்று நாள் நடை. கையில் மூன்று மாதக் குழந்தை. காடு என்றாலே அவளுக்குக் கால் நடுங்கும். ஆனால் புத்தி நடுங்கவில்லை!

சத்திரத்து வாசலில் துணை கேட்டாள். மூன்று பேர் முன்வந்தார்கள்.

"காடு இருக்கட்டும். முதல்ல ஒவ்வொருத்தரா இந்த ஏரியை ஒரு சுற்று என்னோட நடங்க, பார்ப்போம்" என்றாள்.

வாள்வீரன் சூரப்பன் மீசையை முறுக்கினான். "புலி வந்தா ரெண்டா வெட்டுவேன், தங்கச்சி!" விறுவிறுவென்று நடந்தான். குழந்தை அழுதது, சிலம்பாயி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நிமிர்ந்தால் வீரனைக் காணோம். அந்தக் கரையில் காற்றிடம் புலிக்கதை சொல்லிக்கொண்டு போகிறான்!

அடுத்தவன் பெருமாத்தான், குறுக்குவழியெல்லாம் தெரிந்தவன். குழந்தை அழுதது. அவன் சூரியனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி சூரியனைப் பார்த்தான். "இப்பதானே குடிச்சது? நான் ஆலமரத்துக்கிட்ட நிக்கறேன், வந்து சேரு." அவள் போனபோது ஆலமரம் மட்டும் நின்றது.

மூன்றாவது, உப்பு விற்கும் வேலாத்தா, ஏழு கழுதைகளோடு. வாள் கிடையாது. தெரிந்த பாதையும் ஒன்றே ஒன்று. குழந்தை அழுதது. வேலாத்தா கழுதைகளை மேயவிட்டு, தானும் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

"நேரமாகலையா அக்கா?"

"எனக்கென்னடி நேரம்? முன்னால மேயற நொண்டிக் கழுதையைப் பாரு. மெதுவா நடக்கிறதைத்தான் நாங்க முன்னால விடுவோம். ஓடுறதை முன்னால விட்டா பாதிக் கழுதை காட்டுலயே நின்னுடும். எனக்கு ஏழும் வீடு சேரணும்."

சிலம்பாயி சிரித்துவிட்டாள். "அப்போ நான் எங்க நடக்கணும்?"

"நொண்டிக்கும் முன்னால!"

மூன்று நாள் நடை ஐந்து நாளானது. ஆனால் ஏழு கழுதைகளும் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் குறையாமல் காடு கடந்தார்கள். கஞ்சி வாசனையில் கண் திறந்த கணவன் முதலில் பார்த்தது குழந்தையைத்தான்.

ஆகவே, நம் நடைக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறவரே வழித்துணை. மற்றவரெல்லாம் அதே பாதையில் போகிறவர்கள், அவ்வளவுதான்.