கௌதாரி எடுத்த முள்

செம்பன் என்ற நரி நாயுருவிப் புதரை விட்டு வெளியே வந்தபோது, அதன் வயிற்றில் நான்கு கௌதாரி முட்டைகள் இருந்தன. மேலெல்லாம் நாயுருவி விதைகள் முள்ளு முள்ளாக ஒட்டியிருந்தன.

அந்தக் காட்டில் நாயுருவி வளர்ந்திருந்தது அந்த ஒரே இடத்தில்தான். பொறிச்சி என்ற கௌதாரி அங்கேதான் கூடு வைத்திருந்தது. ஆகவே செம்பன் எங்கே போய் வந்தது என்று பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். வயிறு நிறைந்தும் திருடனுக்கு நிம்மதி இல்லை!

முதலில் பல்லால் பிடுங்கிப் பார்த்தது. நாக்கில் குத்தியது. மரத்தில் தேய்த்துப் பார்த்தது. மேலே இருந்தவை தோலுக்குள் இறங்கின. கடைசியில் குளத்துச் சேற்றில் புரண்டு எழுந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

“என்ன செம்பா, இந்தக் கோலம்?” என்று கேட்டது முயல்.

“வெயில் தாங்கலப்பா! சேறு பூசினா உடம்புக்குக் குளிர்ச்சி!”

சேறு காய்ந்தது. முள்ளையும் முடியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நடந்தால் இழுத்தது, படுத்தால் குத்தியது. இடது கண்ணோரம் இருந்த முள் சீழ் வைத்துக் கண்ணே மூடிக்கொண்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் கண் போய்விடும். யாரிடமாவது உதவி கேட்கலாம். கேட்டால் முள் எங்கே ஒட்டியது என்று சொல்ல வேண்டுமே! பாவம், எல்லோரும் போன பிறகு உச்சிவெயிலில் தனியாக வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

மறுநாள் குளக்கரையில் பொறிச்சி நின்றது. செம்பன் ஓடத் திரும்பியது. பிறகு நின்றுவிட்டது. ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போயிருந்தது.

“பொறிச்சியக்கா... உன் முட்டைய நான்தான் தின்னேன்.”

“தெரியும். அன்னைக்கே பார்த்தேன். உன்னைத் தேடித்தான் இத்தனை நாளா அலையறேன்.”

“கொத்தறதுன்னா கொத்திடு!”

“என் பிள்ளைங்க போனது போனதுதான். நீயும் போகணுமா? தலையைக் குனி!”

பொறிச்சி அலகில் தண்ணீர் மொண்டு மொண்டு சேற்றை நனைத்தது. கண்ணோர முள்ளை முதலில் எடுத்தது. பிறகு கழுத்து, முதுகு, கால் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. முள் குத்திப் பொறிச்சியின் வாயோரம் கிழிந்து இரத்தம் கசிந்தது. அழுதுகொண்டேதான் எடுத்தது. ஆனால் நிறுத்தவில்லை.

காதுக்குப் பின்னால் ஒரே ஒரு முள் மிச்சம். செம்பன் தலையை இழுத்துக்கொண்டது.

“அது இருக்கட்டும் அக்கா! குத்திக்கிட்டே இருந்தாத்தான் நான் செஞ்சது எனக்கு மறக்காது!”

“என் வாயைப் பாரு. இதைவிடவா அந்த முள்ளு உனக்கு ஞாபகப்படுத்தும்?”

செம்பன் பார்த்தது. மெல்லத் தலையைக் குனிந்தது. அந்த முள்ளும் போனது. உடம்பை ஓர் உதறு உதறியது. அடேயப்பா, எவ்வளவு லேசு!

அடுத்த பருவத்தில் பொறிச்சி அதே புதரில் முட்டையிட்டது. கீரி எட்டிப் பார்க்காதபடி, வெளியே செம்பன் படுத்திருந்தது. காவல் இருக்கும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

நம் பாவத்தை நாமே தேய்த்துப் போக்கவும் முடியாது, பூசி மறைக்கவும் முடியாது. யாருக்கு விரோதமாகப் பாவம் செய்தோமோ அந்தக் கிறிஸ்துவே காயப்பட்டு நம்மை விடுவிக்கிறார், அந்த விடுதலையில் ஒரு முள்ளைக்கூட மிச்சம் வைப்பதில்லை.