நாலு நூல்

“நீங்க குடுத்த வாசரைப் போட்டா எஞ்சின் கோணலா நிக்குதுங்க அம்மணி” என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா அவருடைய சின்ன விமானத்தைக் கையில் வாங்கி மூக்கைப் பார்த்தாள். போல்ட்டில் கோக்கிற வளையத் தகடான வாசர் இரண்டும் அங்கே இல்லை.

“கழட்டிட்டீங்களா?”

“பின்ன? தெரிஞ்சே கோணலா மாட்டச் சொல்றீங்களா?”

சட்டைப் பையிலிருந்து இரண்டு வாசர்களையும் எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்துநாலு வருடம் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டியவர். பட்டறைக் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் கடைந்த தண்டில் நூல் என்ன, மயிரிழைப் பிசகைக்கூட எவனும் காட்டியதில்லை. அங்கே அவருக்குப் பெயரே நூல் நாச்சிமுத்துதான்.

ஜெசிந்தாவுக்கு இருபத்தேழு. கோயம்புத்தூருக்குத் தெற்கே ஒரு பொட்டல் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம் கட்டவும் பறக்கவிடவும் கற்றுத்தருகிறவள். விளக்கம் சொல்வது அவளுக்கு வேப்பங்காய். யாராவது கேள்வி கேட்டால் கையில் திருப்புளியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். மைதானத்தில் மற்றவர்கள் கிண்டலாகக் குருஜி என்று கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து கிண்டல் இல்லாமலே அவளைக் குரு என்று நம்பினார்.

அதற்காகச் சொன்னதைக் கேட்பார் என்று அர்த்தமில்லை.

முதல் விமானத்துக்கு வாங்கிய உதிரிபாகப் பெட்டியில், எஞ்சினைத் தாங்கும் மவுண்டை முடுக்கும் முன்பலகை லேசாக வலது பக்கம் சாய்ந்து இருந்தது. வேலை தெரியாத எவனோ அறுத்துவிட்டான் என்று நினைத்து, நாச்சிமுத்து அதை உப்புத்தாளில் தேய்த்து மட்டம் பண்ணினார். செங்கோணம் பார்க்கிற மூலமட்டம் வைத்துப் பார்த்தார். தொண்ணூறு பாகை, அச்சு மாறவில்லை.

அந்த விமானம் ஓடியது, கிளம்பப் பார்த்தது, இடது பக்கம் திரும்பியது, வேலிக்கருவேலத்தில் போய்ச் சொருகிக்கொண்டது.

“காத்துங்க” என்றார்.

இரண்டாவதற்கு முன்பலகையைத் தானே அறுத்தார். மவுண்டையும் அலுமினியக் கட்டியில் தானே கடைந்தார். முன்னதைவிட நேராக வைத்தார். அதுவும் இடது பக்கமே திரும்பி, அதே வேலியில் விழுந்தது.

“விரல் நழுவிருச்சுங்க” என்றார்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தா தன் பெட்டியிலிருந்து இரண்டு வாசர்களை எடுத்துக் கொடுத்தாள். “மவுண்டுக்குப் பின்னால, இடது பக்கத்து ரெண்டு போல்ட்டுலயும் ஒண்ணொண்ணு போட்டுக்கங்க” என்றாள். அவள் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சில் பாதி அது.

வீட்டில் போட்டுப் பார்த்தார். மூலமட்டத்தை வைத்தார். எஞ்சினின் மூக்கு வலது பக்கமாக ஒதுங்கி நின்றது. நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படி ஒரு வேலையைப் பட்டறையில் வைத்திருந்தால் துடைப்பத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். உடனே கழற்றிவிட்டார்.

இப்போது மூன்றாவது விமானம் அவள் கையில் இருக்கிறது. ஐந்து மாத வேலை. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதையும் செய்துகொடுங்கள் என்று கேட்டதில்லை. தன் கையால் செய்தது ஒன்றாவது மேலே போய்க் கீழே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

“இதுதாங்க கடைசி. இதும் விழுந்துதுன்னா ரேடியோவை யாருக்காச்சும் குடுத்துட்டுப் போயிருவேன். அதனால சரியா இருக்கோணும். நேரா இருக்கோணும்.”

“நேராத்தான் போகோணும்” என்றாள் ஜெசிந்தா.

“அதையேதானுங்க நானும் சொல்றேன்!”

அவள் விமானத்தைக் கீழே வைத்தாள். மைதானத்தின் நடுவில் ஓடுதளத்துக்காகப் போட்ட சுண்ணாம்புக் கோடு நீளமாகக் கிடந்தது. கோட்டின் மறுகோடியில், காற்றுப் பார்க்கத் துணி கட்டிய கம்பம் நின்றது. முந்தின நாள் மழையில் மண் மெத்தென்று ஊறியிருந்தது.

“இந்தக் கோட்டு மேலயே நடந்து போயி, அந்தக் கம்பத்தைத் தொட்டுட்டு வாங்க.”

“எதுக்குங்க?”

“செருப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க.”

நாச்சிமுத்துவின் முகம் மாறியது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பம்ப் வார்ப்பு அவருடைய இடது கால்மேல் சரிந்தது. எலும்பு கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. உக்கடத்தில் ஒரு செருப்புத் தைப்பவர் இடது செருப்பின் அடியில் மட்டும் தோலை அடுக்கி ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெறுங்காலோடு நாலு பேர் முன்னால் அவர் நடந்ததில்லை. கோயிலுக்குப் போனால்கூட வாசலோடு கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். மைதானத்தில் யாருக்கும் இது தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“அம்மணி…”

அவள் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் அமுங்கியது. கால் கோட்டைவிட்டு இடது பக்கம் போனது. இழுத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். மறுபடியும் போனது. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நிற்கவில்லை. கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

திரும்பியபோது ஈர மண்ணில் தன் தடத்தைப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. தடம் கோட்டிலிருந்து இடதுக்கு விலகி, ஒட்டி, மறுபடி இடதுக்கே விலகிக் கிடந்தது.

கோபமாகத்தான் வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் அவருடைய இரண்டு செருப்புகளும் இருந்தன.

நாச்சிமுத்து பதறிப்போனார். சீடன் குருவின் செருப்பைத் தூக்குவதுதான் உலக வழக்கம்.

“ஐயோ, அதைப் போயி நீங்க கையில எடுக்கலாமுங்களா? கீழ போடுங்க அம்மணி!”

அவள் போடவில்லை. அவருடைய கருவிப் பையிலிருந்தே வெர்னியரை எடுத்து, வலது செருப்பின் அடியை அளந்தாள். பிறகு இடது செருப்பை அளந்தாள்.

“ஏனுங்கய்யா, நாலு நூல் வித்தியாசம் இருக்குதுங்க.”

“அது…”

“எவனோ வேலை தெரியாதவன் ஒட்டியிருக்கான்.” அதே பையில் கைவிட்டு அரத்தை எடுத்தாள். இடது செருப்பைக் கவிழ்த்துப் பிடித்து, ஒட்டுத் தோலின்மேல் அரத்தை வைத்தாள். “தேய்ச்சு மட்டம் பண்ணிரட்டுங்களா?”

நாச்சிமுத்து பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த கை அப்படியே நின்றது. செருப்பைப் பார்த்தார். தரையில் இருந்த விமானத்தைப் பார்த்தார். ஈர மண்ணில் இருந்த தடத்தை மறுபடியும் பார்த்தார்.

கையை விட்டுவிட்டு, வெறுங்காலோடு விமானத்தின் முன்னால் மண்டி போட்டார்.

இடது பக்கத்து போல்ட் இரண்டையும் தளர்த்தினார். சட்டைப் பையிலிருந்த வாசர்களை ஒவ்வொன்றாகச் செருகினார். முடுக்கினார். பழக்கதோஷத்தில் கை மூலமட்டத்தைத் தேடிப் போனது. எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். கருவிப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

“எப்படி இருக்குதுங்க?” என்றாள் ஜெசிந்தா.

“கோணலா இருக்குதுங்க” என்றார் நாச்சிமுத்து. புரொப்பெல்லரைச் சுண்டினார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். விமானம் கோட்டின்மேல் ஓடியது. வேகம் ஏறிக்கொண்டே போனது. முந்தின இரண்டும் திரும்பிய இடம் வந்தது. விமானம் திரும்பவில்லை. சக்கரத் தடங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்றுபோயின.

விமானம் வேலிக்கு மேலே, கம்பத்துக்கும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா எழுந்து வந்து செருப்புகளை அவர் காலடியில் வைத்தாள்.

“போட்டுக்கங்கய்யா.”

“அப்புறமுங்க அம்மணி” என்றார் அவர், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அது மொதல்ல இறங்கி வரட்டும்.”