சுண்ணாம்பும் கருப்பட்டியும்

கடலுக்கும் ராஜாவுக்கும் மட்டுமே ஜனங்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சிப்பித்துறை என்கிற ஊரில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். முத்துக்குத் துளை போடுவது அவன் தொழில். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை, கை அசைந்தால் முத்து போச்சு. அதனாலோ என்னவோ, ஆள் அதிகம் பேசமாட்டான்.

அந்த வீட்டில் பேச்செல்லாம் அவன் மனைவியுடையது. அவள் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போனது இரண்டு முயல்களைத்தான். கப்பலில் வந்த சாதி, காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, பழுப்புக்குக் கருப்பட்டி என்று பேர் வைத்ததும் அவள்தான். வீட்டுக்குள்ளேயே ஓடும், பாயைக் கடிக்கும், அடுப்படியில் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கும். அதைப் பார்த்துக்கொண்டே சேந்தன் நாளைக் கழித்தான்.

அப்படியிருக்க, அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

"ராணியம்மாவுக்கு முத்தாரம் செய்யணும். வெள்ளிக்கிழமை வண்டி வரும். இனிமே உமக்கு அங்கதான் இருப்பு."

அரண்மனை முற்றமெல்லாம் வேட்டைநாய்கள். முயலைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவற்றுக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. செய்தி பரவி மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள்.

முதலில் வந்தவன் ஒரு படகுக்காரன். "இதுல எது கொழுத்தது?" என்று கேட்டான். சேந்தன் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

இரண்டாவதாக வந்தவள் கயிறு திரிக்கிற நாச்சி. "இதுக எப்படி அண்ணாச்சி தூங்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு மேல ஒண்ணு தல வச்சு."

"அப்ப ரெண்டையும் சேத்தே குடுங்க. நான் கதவ அடைச்சுட்டுத்தான் கயிறு திரிப்பேன். நாயும் வராது, பூனையும் வராது."

தேடினாலும் இப்படி ஓர் ஆள் கிடைக்காது. ஆனால் 'இரண்டையும்' என்று அவள் சொன்னதும் சேந்தன் முயல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டும் போனால் தனக்கு யார்? "பாக்கலாம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டான்.

மூன்றாவதாக வந்தவர் சங்கு வியாபாரி. அவருக்கு முயலோடு முத்தும் வேண்டியிருந்தது. சிப்பித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. அளவும் நிறமும் ஒத்த இரண்டு முத்து கிடைத்தால், ஒரே சிவப்புத் துணியில் சேர்த்து முடிந்துவைப்பார்கள். அதற்குச் சோடி என்று பேர். சோடியைப் பிரித்து ராஜாவுக்கும் விற்கமாட்டார்கள். வியாபாரி அப்படியொரு முடிச்சைப் பார்த்து, மகள் மூக்குத்திக்கு ஒன்று மட்டும் கேட்டார்.

"சோடியப் பிரிக்கச் சொல்லுதீங்களே, நல்லாவா இருக்கு?" என்று சேந்தன் கடிந்துகொண்டான்.

"சரி விடும்வே. முயல்ல ஒண்ணாவது குடுப்பீரா? பிள்ளை ஆசப்படுதா."

ஒன்று! சேந்தனின் மனம் கணக்குப் போட்டது. ஒன்று என்றால் கருவிக் கூடைக்குள் ஒளித்து அரண்மனைக்குக் கொண்டுபோய்விடலாம். நாய்க்கு மூக்கு இருப்பதே அப்போது அவனுக்கு மறந்துபோயிற்று. "வெள்ளைய எடுத்துக்கிடுங்க" என்றான். முத்துக்கு ஒரு நியாயம், முயலுக்கு ஒரு நியாயம், பார்த்தீர்களா!

கருப்பட்டி அன்றிலிருந்து தின்னவில்லை. அறுகம்புல் வைத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டது. முருங்கைக்கீரை வைத்தான், திருப்பிக்கொண்டது. அகத்தியை வாயருகே நீட்டினான், அதற்கும் திருப்பிக்கொண்டது.

"நான் இருக்கேன்லா" என்றான் சேந்தன், கெஞ்சுகிற குரலில்.

அது அவனைத் தாண்டி வாசலையே பார்த்தது. அவனுக்கு அந்தப் பார்வை தெரியும். மனைவி போன நாட்களில் ஊரார் இதே வார்த்தையைத்தான் அவனிடம் சொன்னார்கள். அவனும் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கருவிகளைக் கூடையில் அடுக்கும்போது அந்தச் சிவப்பு முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கம் உடம்பெல்லாம் சுட்டது. கருப்பட்டியை மடியில் கட்டிக்கொண்டு வியாபாரி வீட்டுக்கு ஓடினான்.

அங்கே பித்தளைக் கூண்டில் சுண்ணாம்பு துவண்டு கிடந்தது. வைத்த கீரை வைத்தபடி வாடியிருந்தது. பக்கத்தில் வியாபாரியின் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"குடுத்தத திரும்பக் கேக்கீராவே?" என்றார் வியாபாரி.

"ஐயா, நான் சோடியப் பிரிச்சுட்டேன்."

அந்த ஊரில் அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை. வியாபாரி தன் கையாலேயே கூண்டைத் திறந்துவிட்டார்.

நாச்சியின் வீட்டில் சாக்கு விரித்து இரண்டையும் விட்டார்கள். முதலில் ஒன்றையொன்று முகர்ந்தன. பிறகு சுண்ணாம்பு தலையைத் தாழ்த்த, கருப்பட்டி அதன் காதை நக்கிக் கொடுத்தது. வெகுநேரம் கழித்து, கீரை கடிபடுகிற சத்தம் கேட்டது.

"வண்டி ஏறும்போது ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

"வேண்டாம்மா. பாத்தா போகமாட்டேன்."

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. கருவிக் கூடையில் ஒரு முயலுக்கான இடம் காலியாகவே இருந்தது. வழியெல்லாம் அவன் கை தானாக அதற்குள் போய் எதையோ தடவிப் பார்த்துத் திரும்பியது.

அரண்மனையில் அவனுக்குப் பெரிய வீடு, நெய்ச்சோறு, ராணியின் பாராட்டு எல்லாம் கிடைத்தன. துணை மட்டும் கிடைக்கவில்லை. சாயங்காலம் இலையின் முன் உட்கார்ந்தால், பேசாத அந்த மனிதன் சுவரைப் பார்த்து, "இந்நேரம் ரெண்டும் தின்னிருக்கும்" என்பான். சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: தன் தனிமைக்குத் துணை தேடி, சேர்ந்திருக்கும் இருவரைப் பிரிப்பது அன்பு ஆகாது.