பதினோரு செய்திகள்

தூத்துக்குடியில் ஓர் உரக் கம்பெனி. ஆபீசில் எட்டு கம்ப்யூட்டர், குடோனில் ஐந்து, நடுவே கேட்டில் ஒன்று. எல்லாம் ஒரே கேபிள் வளையம். ஒரு கம்ப்யூட்டர் சொன்னதை அடுத்த கம்ப்யூட்டர் கேட்டு, புதிதாகத் திருப்பிச் சொல்லும். பேச்சு அப்படியே சுற்றி வரும். டோக்கன் ரிங் என்று பெயர்.

தினமும் பகல் ஒரு மணிக்குக் குடோன் பக்கம் செத்துவிடும்.

தங்கப்பழம் அண்ணாச்சி அந்தக் காலத்தில் டெலிபோன் கம்பி இழுத்தவர். ஐம்பத்திரண்டு வயதில் ஹாஜிராவிடம் நெட்வொர்க் வேலை கற்றுக்கொண்டிருந்தார். ஹாஜிராவுக்கு முப்பத்தொன்று. வயதை இருவருமே பொருட்படுத்தவில்லை. அண்ணாச்சி ஒரு வாரம் கேபிளைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஹாஜிரா ஒரு நாள் கேட் அறையில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். ஒரு மணிக்கு கிளார்க் ரோஸ்லின் சாப்பிடக் கிளம்பினாள். ஃபேனை அணைத்தாள், லைட்டை அணைத்தாள், கம்ப்யூட்டரையும் அணைத்தாள். கரண்ட் வீணாகக் கூடாது என்று வளர்ந்தவள்.

"நடுவுல திருப்பிச் சொல்ல ஆளில்ல அண்ணாச்சி. அவ்வளவு தூரத்தையும் ஒரே மூச்சுல ஓட முடியல" என்றார் ஹாஜிரா.

மறுநாள் அண்ணாச்சி கேட் அறைச் சுவர்ப் பெட்டியில், வந்த பேச்சைப் புதிதாக்கி அனுப்பும் ரிப்பீட்டர் மாட்யூலைச் செருகினார். திருகுகளை முடுக்கி, கேபிள்களை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ரோஸ்லின் வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாள். குடோன் பக்கம் சாகவில்லை. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சூட்டோடு மேனேஜருக்கு ஓர் அறிக்கையும் எழுதினார். மேனேஜர் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

ஹாஜிரா அதை வாசித்தார். 'ஒரு மாதத்தில் கேட் கம்ப்யூட்டர் அனுப்பியவை பதினோரு செய்திகள். கம்ப்யூட்டரும் வேண்டாம், கிளார்க்கும் வேண்டாம்.'

"நாலு மணிக்குள்ள குடுக்கணும் மேடம். சரியா இருக்கா?"

ஹாஜிரா அவரைக் கேட் அறைக்கு அழைத்துப் போனார்.

வெளியே லாரி நின்றது. டிரைவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, என்னவோ கரகரத்தார். ரோஸ்லின் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டாள். போனை எடுத்து, "குடோனா? யூரியா முந்நூறு மூட்டை, கோவில்பட்டி வண்டி" என்றாள். அங்கே சொன்னதைக் கேட்டுக்கொண்டு டிரைவரிடம், "மூணாம் நம்பர் ஷெட்டு. அரை மணி நேரம் ஆகுமாம்" என்றாள். அதற்குள் அடுத்த லாரி வந்து நின்றது.

ஹாஜிரா சுவர்ப் பெட்டியைக் காட்டினார்.

"நீங்க மாட்டினது காலையிலருந்து எத்தனை செய்தி அனுப்பியிருக்கு?"

"அது சொந்தமா எதுவும் அனுப்பாது மேடம். கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

ஹாஜிரா அறிக்கையை நீட்டினார். பேனாவையும் கொடுத்தார்.

"அப்ப அதையும் வேண்டாம்னு எழுதிருங்க அண்ணாச்சி."

நாலு மணிச் சங்கு ஊதியபோது அறிக்கை அண்ணாச்சியின் சட்டைப் பையில்தான் இருந்தது.